மலைச்சாலை வளைவுகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் – தேனி, கம்பம் பள்ளத்தாக்கு

மலைச்சாலை வளைவில் மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் என்பது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வண்டியைத் தேவையான அளவு சாய்த்து, தன் பக்கத்துச் சாலையை விட்டு விலகாமல் வளைவைக் கடக்கும் திறன் ஆகும். தேனி மாவட்டத்தில் இது பொழுதுபோக்குத் திறன் மட்டுமன்று. மேற்கே ஏலமலையும், கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை – வருசநாட்டு மலைகளும் சூழ்ந்த கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளத்துக்குச் செல்ல வேண்டுமானால் மலை ஏறித்தான் ஆக வேண்டும். ஏலத்தோட்ட வேலை, வியாபாரம், உறவு, கோயில் என ஏதோ ஒரு காரணத்துக்காக இம்மாவட்டத்து மக்கள் பலரும் கொண்டை ஊசி வளைவுகளை இருசக்கர வாகனத்தில் கடந்து வருகின்றனர்.

சமவெளியில் பல ஆண்டுகள் வண்டி ஓட்டியவரும் மலைச்சாலையில் தடுமாறுவது உண்டு. வளைவில் எவ்வளவு சாய்க்க வேண்டும், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்பவற்றை ஓட்டுநர் உரிமத் தேர்வு விரிவாகச் சோதிப்பதில்லை. இவை கற்றுக்கொள்ளக் கூடியவை. வளைவைப் பற்றிய நம்பிக்கை துணிச்சலால் வருவதில்லை. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடியும் என்ற நிச்சயத்தால் வருகிறது.

மாவட்டத்தின் மலைச்சாலைகள்

1996ஆம் ஆண்டு மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் நான்கு மலைச்சாலைகள் முதன்மையானவை.

போடிமெட்டுச் சாலை: கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85இன் ஒரு பகுதி. போடிநாயக்கனூரை அடுத்த முந்தல் சோதனைச்சாவடியில் ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து போடிமெட்டு வரை சுமார் 20 கிலோமீட்டரில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மழைக்காலத்தில் பாறைகளும் மண்ணும் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்படுவது இங்கு அடிக்கடி நிகழ்வதாகும்.

குமுளிச் சாலை: கொல்லம் – தேனி தேசிய நெடுஞ்சாலை 183இன் பகுதி. கூடலூரைக் கடந்து லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை ஆறேழு கிலோமீட்டர்தான். தூரம் குறைவு என்றாலும் ஏற்றம் செங்குத்தானது. பேருந்து, சரக்கு லாரி, ஜீப் என நெரிசலும் மிகுதி.

கம்பம்மெட்டுச் சாலை: கம்பம் நகரிலிருந்து கேரளத்தின் கம்பம்மெட்டுக்குச் செல்வது. சபரிமலைக் காலத்தில் குமுளிச் சாலையில் நெரிசலைக் குறைக்க, சபரிமலைக்குச் செல்லும் வாகனங்களை இவ்வழியாக ஏற்றிவிட்டு, திரும்பும் வாகனங்களைக் குமுளி வழியாக இறங்கச் செய்வது வழக்கம். அந்த நாட்களில் பழக்கமான சாலையும் பழக்கமில்லாத சாலையாகி விடுகிறது.

மேகமலைச் சாலை: சின்னமனூரிலிருந்து தென்பழனி வனத்துறைச் சோதனைச்சாவடி வழியாக ஏறும் சாலை. இதன் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் மலர்களின் பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இச்சாலை செல்வதால், இரவில் பயணம் செய்ய வனத்துறை அனுமதிப்பதில்லை.

இச்சாலைகளில் ஒரு தவறுக்கு உரிய விலை சமவெளியைவிட அதிகம். 2022 டிசம்பரில், சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி ஐயப்ப பக்தர்களின் கார் குமுளிச் சாலையில் இறங்கும்போது கட்டுப்பாட்டை இழந்து, பெரியாறு மின்நிலையத்துக்கு நீர் கொண்டுசெல்லும் ராட்சதக் குழாயின் மீது விழுந்தது. அதில் 8 பேர் உயிரிழந்தனர். நான்கு சக்கர வாகனத்துக்கே இந்நிலை என்றால், இரண்டு சக்கரங்களில் சமநிலையைத் தானே காக்க வேண்டிய ஓட்டுநர் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்பது விளங்கும்.

வண்டி ஏன் சாய்கிறது

வளைவில் செல்லும் எந்தப் பொருளையும் வளைவின் மையத்தை நோக்கி இழுக்க ஒரு விசை தேவை. இது மையநோக்கு விசை எனப்படும். மோட்டார் சைக்கிளுக்கு இவ்விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு. வண்டி நிமிர்ந்தபடியே வளைந்தால் வெளிப்பக்கமாகக் கவிழும். அதைச் சமன்செய்யவே உள்பக்கமாகச் சாய்க்க வேண்டியுள்ளது.

தேவையான சாய்வு இரண்டைப் பொறுத்தது: வேகம், வளைவின் ஆரம். வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிறது. 15 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டை ஊசி வளைவை எடுத்துக்கொண்டால் கணக்கு பின்வருமாறு அமையும்.

மணிக்கு 20 கி.மீ. வேகத்தில்: சாய்வு சுமார் 12 பாகை.
மணிக்கு 30 கி.மீ. வேகத்தில்: சுமார் 25 பாகை.
மணிக்கு 40 கி.மீ. வேகத்தில்: சுமார் 40 பாகை.

மிதிவண்டி ஓட்டத் தெரிந்த எவரும் 12 பாகையைத் தயக்கமின்றிச் சாய்ப்பார். 25 பாகைக்குப் பழக்கம் வேண்டும். 40 பாகை என்பது, காய்ந்த நல்ல சாலையில்கூடச் சாதாரண டயர்களின் பிடிப்பு எல்லையைத் தொடும் அளவு. பல வண்டிகளில் அதற்கு முன்பே கால்மிதியோ ஸ்டாண்டோ தரையில் உரசும். ஈரச் சாலையில் பிடிப்பு இன்னும் வெகுவாகக் குறைவதால் அவ்வேகத்தில் அந்த வளைவைக் கடக்கவே முடியாது. எனவே 30க்கும் 40க்கும் இடையிலுள்ள அந்தப் பத்துக் கிலோமீட்டர்தான் வீட்டுக்குப் போவதற்கும் பள்ளத்துக்குப் போவதற்கும் உள்ள வேறுபாடாக அமையக்கூடும்.

சாலை அமைப்போரும் இதே கணக்கைப் பின்பற்றுகின்றனர். இந்தியச் சாலைகள் பேராயத்தின் மலைச்சாலை நெறிமுறைகள் கொண்டை ஊசி வளைவுக்கு மணிக்கு 20 கி.மீ. என்ற வடிவமைப்பு வேகத்தையும், உள் வளைவுக்குக் குறைந்தது 14 மீட்டர் ஆரத்தையும் கூறுகின்றன. 20 கி.மீ. என்பது பயந்தவர்களின் வேகம் அன்று. அந்த வளைவு எந்த வேகத்துக்காக வெட்டப்பட்டதோ அந்த வேகம்.

டயரின் பிடிப்பு ஒரு மாதச் சம்பளம்

டயருக்கு உள்ள பிடிப்பு அளவானது. அதை ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளத்துக்கு ஒப்பிடலாம். வளைவதற்கு ஒரு பங்கு, பிரேக்குக்கு ஒரு பங்கு, முடுக்குவதற்கு ஒரு பங்கு என அதிலிருந்துதான் செலவிட வேண்டும். சம்பளம் முழுவதையும் வளைவதற்கே செலவழித்த பிறகு, நடுவளைவில் திடீரென்று பிரேக் பிடித்தால் கொடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை, டயர் வழுக்குகிறது. ஆகவேதான் பிரேக் வேலையை வண்டி நிமிர்ந்திருக்கும்போதே, நேர்ச்சாலையிலேயே முடித்துவிட வேண்டும் என்பது முதல் விதியாகிறது.

மணல், சரளை, சிந்திய டீசல், வாழைச் சருகு, மாட்டுச் சாணம், அறுவடைக் காலத்தில் சாலையில் கிடக்கும் வைக்கோல் ஆகிய ஒவ்வொன்றும் அந்தச் சம்பளத்தைக் குறைப்பவை. கொண்டை ஊசி வளைவில் முழு டாங்குடன் ஏறும் லாரிகளிலிருந்து டீசல் சிந்துவது உண்டு. மழை விழுந்தால் அது வானவில் நிறத்தில் பளபளக்கும். அந்த நிறத்தைக் கண்டால் வண்டியைச் சாய்க்காமல், மெதுவாக, நிமிர்த்தியபடியே கடக்க வேண்டும்.

வளைவைக் கடக்கும் முறை

வளைவு ஓட்டத்தை நான்கு படிகளாகப் பிரித்துப் பழகுவது எளிது.

1. வேகம் குறைத்தல். வளைவு தொடங்கும் முன்பே ஆக்சிலரேட்டரை விட்டு, முன், பின் பிரேக்குகள் இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி முன் பிரேக்கில் உள்ளது. முன் பிரேக் பிடித்தால் வண்டி கவிழும் என்று பலர் பின் பிரேக்கை மட்டுமே நம்புகின்றனர். இது ஆபத்தான பழக்கம். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்குவதே தவறு. எலுமிச்சம்பழத்தைப் பிழிவதுபோல மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டினால் அது வண்டியை நேராக நிறுத்தும்.

2. கியர் மாற்றுதல். வளைவிலிருந்து வெளியேறத் தேவையான கியரை வளைவுக்கு முன்பே போட்டுவிட வேண்டும். ஏற்றத்தில் நடுவளைவில் கியர் தேடினால் வண்டி திணறி நின்றுவிடும். சாய்ந்த நிலையில் நின்ற வண்டியைக் காலால் தாங்குவது கடினம். வளைவின் உள்பக்கச் சரிவில் கால் தரைக்கு எட்டாமலே போகலாம்.

3. பார்த்தல். தலையைத் திருப்பி, வளைவின் வழியாகச் சாலை எங்கே போகிறதோ அங்கே பார்க்க வேண்டும். பார்வை போகும் இடத்துக்கே வண்டி போகும். தடுப்புச் சுவரையோ பள்ளத்தையோ எதிரே வரும் ஜீப்பையோ உற்றுப் பார்ப்பவர் அதை நோக்கியே செல்வது அனுபவத்தில் காணும் உண்மை.

4. சாய்த்தலும் சீரான முடுக்கமும். வண்டியைச் சாய்த்தவுடன் ஆக்சிலரேட்டரை மெல்லத் திறந்து சீராக வைத்திருக்க வேண்டும். சட்டென்று மூடினால் எடை முன்சக்கரத்துக்குத் தாவி வண்டியின் நிலை குலைகிறது. வளைவு முடியும்வரை சீராக இழுக்கும் வண்டியே உறுதியாக நிற்கும்.

இந்நான்கில் முதற்படி சரியாக அமைந்தால் மற்ற மூன்றும் எளிதாகும். முதற்படி தவறினால் மற்ற மூன்றாலும் அதை ஈடுசெய்ய இயலாது.

எதிர்த்திருப்பல்

மணிக்கு ஏறத்தாழ 20 கி.மீ.க்கு மேல் செல்லும் வண்டியை இடப்பக்கம் சாய்க்க, இடது கைப்பிடியை முன்னோக்கி மெல்லத் தள்ள வேண்டும்; வலப்பக்கம் சாய்க்க வலது கைப்பிடியைத் தள்ள வேண்டும். இடது கைப்பிடியைத் தள்ளும்போது முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் திரும்புகிறது. டயர் வலப்பக்கம் நகர, வண்டியின் மேற்பகுதி இடப்பக்கம் சாய்கிறது. பின்னர் வண்டி இடப்பக்கம் வளைகிறது. இதுவே எதிர்த்திருப்பல்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் அமெரிக்காவின் டேட்டன் நகரில் மிதிவண்டி செய்து விற்றவர்கள். மிதிவண்டி ஓட்டுபவர்கள் தாம் இடப்பக்கம் திரும்ப முதலில் வலப்பக்கம் திருப்புகிறோம் என்பதை அறியாமலேயே செய்கின்றனர் என்று வில்பர் ரைட் கவனித்துச் சொல்லியிருக்கிறார். எல்லோரும் அறியாமல் செய்யும் இதை அறிந்து செய்வதே பயிற்சி. நினைத்ததைவிட வளைவு இறுக்கமாக இருக்கும்போது, அறியாதவர் பதறிப் பிரேக் பிடிப்பார். அறிந்தவர் உள்பக்கக் கைப்பிடியை இன்னும் சற்றுத் தள்ளி மேலும் சாய்ப்பார்.

அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, 900க்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981இல் அறிக்கை வெளியிட்டது. வேறு வாகனம் சம்பந்தப்படாத விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டுநரின் தவறே காரணம் என்றும், அளவுக்கு மீறிப் பிரேக் பிடித்து வழுக்கி விழுதலும், மிகுந்த வேகத்தாலோ போதிய அளவு சாய்க்காததாலோ வளைவின் வெளிப்பக்கம் விலகிப் போதலும் அத்தவறுகளில் குறிப்பிடத்தக்கவை என்றும் அது கண்டது. போதிய அளவு சாய்க்காமை என்பது கவனிக்கத்தக்கது. வண்டியால் கடக்க முடிந்த வளைவையும், ஓட்டுநரின் அச்சம் கடக்க விடாமல் செய்துவிடக்கூடும்.

பார்வை எல்லையும் நிறுத்தும் தூரமும்

சாலையின் இடது ஓரமும் வலது ஓரமும் தொலைவில் ஒன்றுசேர்வதுபோல் தோன்றும் புள்ளி பார்வை எல்லைப் புள்ளி ஆகும். பிரித்தானியக் காவல்துறையின் ஓட்டுநர் பயிற்சியில் இதற்கு முதன்மையான இடம் உண்டு. வண்டி முன்னேற முன்னேற இப்புள்ளியும் விலகிச் சென்றால் வளைவு திறக்கிறது என்று பொருள். புள்ளி அசையாமல் நின்று நம்மை நோக்கி வருவதுபோல் தோன்றினால் வளைவு இறுகுகிறது. வேகம் குறைய வேண்டும்.

அந்தப் புள்ளிக்குள் வண்டியை நிறுத்த முடியுமா என்பதே ஒவ்வொரு வளைவிலும் கேட்க வேண்டிய கேள்வி. ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குச் செல்ல ஒரு விநாடி என்றும், காய்ந்த சமதளச் சாலையில் நன்றாகப் பிரேக் பிடிப்பதாகவும் கொண்டால், மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நிற்க ஏறத்தாழ 14 மீட்டர் ஆகும். 40 கி.மீ. வேகத்தில் 21 மீட்டர், 50 கி.மீ. வேகத்தில் 30 மீட்டர். இறக்கத்திலும் ஈரத்திலும் இவை இன்னும் கூடும். பாறைச் சுவர் மறைக்கும் ஒரு வளைவில் 15 மீட்டர்தான் தெரிகிறது என்றால், 40 கி.மீ. வேகத்தில் வருபவர் வளைவுக்கு அப்பால் பழுதாகி நிற்கும் லாரியைப் பார்க்கும்போதே நிறுத்தும் வாய்ப்பை இழந்திருப்பார்.

மலைச்சாலையில் முன்கூட்டியே பார்க்க வேறு வழிகளும் உண்டு. ஒரு வளைவில் நின்று பார்த்தால் மேலேயும் கீழேயும் உள்ள சாலை அடுக்குகள் பல இடங்களில் தெரியும். மேலிருந்து ஒரு பேருந்து இறங்குவதை அங்கேயே கண்டுகொண்டால், அதைக் கொண்டை ஊசி வளைவில் சந்திக்காமல் அதற்கு முன்பே ஒதுங்கி நிற்கலாம். வளைவில் வைக்கப்பட்டுள்ள குவியாடி, இரவில் பாறைமீது விழும் எதிர்வண்டியின் வெளிச்சம், ஹாரன் ஒலி ஆகியவையும் துணை செய்யும்.

இடது வளைவு, வலது வளைவு

இடப்பக்கம் செல்லும் நம் நாட்டில் இரண்டு வளைவுகளும் இருவேறு தவறுகளுக்கு இடமளிக்கின்றன.

இடது வளைவில் ஓட்டுநர் உள்பக்கம் இருக்கிறார். ஆரம் சிறியது, பாறையால் பார்வையும் மறைந்திருக்கும். வேகம் கூடினால் வண்டி வெளிப்பக்கம் விலகி, எதிரே வருபவரின் பாதைக்குள் போய்விடும். வலது வளைவில் ஓட்டுநர் வெளிப்பக்கம் இருக்கிறார். ஆரம் பெரிது, பார்வையும் ஓரளவு திறந்திருக்கும். அதனால் நடுக்கோட்டைத் தாண்டி உட்புறமாக வெட்டிச் செல்லும் ஆசை எழும். எதிரே இறங்குபவருக்கு அதே இடம் இடது வளைவு என்பதால் அவரால் இவரைப் பார்க்க முடியாது. பந்தயத் தடத்தில் சாலையின் முழு அகலத்தையும் பயன்படுத்தி வளைவை நேராக்குவது உண்டு. அது எதிர்ப்போக்குவரத்து இல்லாத தடத்துக்கு உரிய முறை. மலைச்சாலையில் ஓட்டுநருக்கு உரியது தன் பக்கத்துப் பாதி மட்டுமே. சாயும்போது தலையும் தோளும்கூட நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது.

பேருந்து, லாரி போன்ற நீண்ட வண்டிகள் கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட உட்புறமாக வரும். எனவே அவை சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். அது ஓட்டுநரின் அத்துமீறல் அன்று. வண்டியின் நீளம் கேட்கும் இடம். திரும்பும் பேருந்தின் உட்பக்க இடைவெளியில் நுழைவது உயிரைப் பணயம் வைப்பதற்கு ஒப்பாகும். வளைவுக்குச் சில மீட்டர் முன்பே நின்று, அது திரும்பி முடித்த பிறகு செல்ல வேண்டும்.

அதிகாலையிலும் மாலையிலும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாலைகளில் வரிசையாக விரையும். இந்நேரங்களில் ஓர் ஜீப் கடந்து சென்றால் அதன் பின்னாலேயே இன்னொன்று வரும் என்று எதிர்பார்ப்பதே சரி.

ஏற்றமும் இறக்கமும்

மலைச்சாலை ஓட்டுநர்களிடையே வழங்கும் பழைய அறிவுரை, எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பதாகும். குறைந்த கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பிரேக்குக்கு ஓய்வு கிடைக்கிறது. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் போட்டோ என்ஜினை அணைத்தோ இறங்குவோர் இப்பிடிப்பை முற்றிலும் இழக்கின்றனர். தொடர்ந்து அழுத்தப்பட்ட பிரேக் சூடேறி, சில வளைவுகளுக்குப் பின் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காமல் போகலாம். எரிந்த வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கியரில்லாத ஸ்கூட்டரில் என்ஜின் பிடிப்பு குறைவு. வேகம் மிகக் குறைந்தால் தானியங்கிக் கிளட்ச் விலகி, அந்தச் சிறு பிடிப்பும் இல்லாமல் வண்டி தானாக உருளத் தொடங்கும். எனவே இறக்கத்தில் விட்டுவிட்டு, இரண்டு பிரேக்குகளையும் பகிர்ந்து பயன்படுத்துவதும், இடையிடையே நின்று செல்வதும் நல்லது.

ஏற்றத்தில் இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவே புதியவர்களுக்கு மிகக் கடினமானது. வேகம் நடக்கும் வேகத்துக்கு இறங்கும். உட்புறச் சரிவு செங்குத்தாக இருக்கும். இங்கே எதிர்த்திருப்பல் பயன்படாது. ஹேண்டில்பாரையே திருப்ப வேண்டும். முதல் கியர், பாதி பிடித்த கிளட்ச், சீரான ஆக்சிலரேட்டர், பின் பிரேக்கில் லேசான அழுத்தம், வளைவின் மறுமுனையை நோக்கித் திரும்பிய தலை ஆகியவை சேர்ந்தால் வண்டி நிலைகுலையாமல் திரும்பும். உட்புற ஓரத்தை ஒட்டாமல், தன் பாதையின் நடுவில் சென்றால் சரிவும் சற்றுக் குறையும்.

பின்னால் ஒருவர் அமர்ந்திருந்தாலோ, பால் கேன், வாழைத்தார், தீவனக் கட்டு போன்ற சுமை இருந்தாலோ வண்டியின் எடை பின்பக்கம் கூடி முன்சக்கரத்தின் பிடிப்பு குறையும்; நிறுத்தும் தூரம் நீளும். பின்னால் இருப்பவர் வளைவுக்கு எதிர்ப்பக்கம் சாயாமல், ஓட்டுநரோடு ஒட்டியே சாய வேண்டும். புறப்படும் முன் இதை அவருக்குச் சொல்லிவிடுவது ஓட்டுநரின் கடமை.

மழை, பனி, காற்று

கம்பம் பள்ளத்தாக்கு தென்மேற்குப் பருவமழையின் மறைவுப் பகுதியில் உள்ளது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கம்பத்திலும் போடியிலும் வெயில் அடிக்கும்போதே, குமுளியிலும் போடிமெட்டிலும் சாரலும் மூடுபனியும் இருக்கும். கீழே காய்ந்த சாலையில் எடுத்த வேகத்தை மேலே ஈரச் சாலைக்குக் கொண்டுபோவது இம்மாவட்டத்துக்கே உரிய ஆபத்து. எந்த வளைவில் சாலையின் நிறம் கறுக்கத் தொடங்குகிறதோ அங்கிருந்து வேகத்தைக் குறைக்க வேண்டும்.

இதே மாதங்களில் கணவாய்களின் வழியே பள்ளத்தாக்கில் பலத்த காற்று வீசும். தேனி, ஆண்டிபட்டிப் பகுதிகளில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமும் இதுவே. பாறை மறைவிலிருந்து திறந்த வளைவுக்கு வரும்போது பக்கவாட்டுக் காற்று வண்டியைத் திடீரெனத் தள்ளும். கைகளை இறுக்காமல், முழங்கால்களால் டாங்கை அணைத்துக்கொண்டால் வண்டி தானே நிலைப்படும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் சாலையின் குறுக்கே நீர் ஓடும். மண்ணும் கற்களும் வந்து கிடக்கும். நேற்று சுத்தமாக இருந்த வளைவு இன்றும் அப்படியே இருக்கும் என்று எண்ணக் கூடாது.

சட்டமும் வண்டியும்

இரண்டு வண்டிகள் தாராளமாக விலக இடமில்லாத மலைச்சாலையில், இறங்கும் வண்டி ஓரமாக நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆம் பிரிவு ஓட்டுநருக்குப் பின்னால் ஒருவரை மட்டுமே அனுமதிக்கிறது. 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. தலைக்கவசத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 4151 என்ற தர எண்ணும் இருக்க வேண்டும்.

2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனையாகும் 125 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வாகனங்களுக்கு ஏ.பி.எஸ். அமைப்பு கட்டாயம், 125 சி.சி. வரையிலானவற்றுக்கு இரு பிரேக்குகளும் இணைந்து இயங்கும் அமைப்பாவது இருக்க வேண்டும். ஏ.பி.எஸ். நேர்ச்சாலையில் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும். ஆனால் அளவுக்கு மீறிய வேகத்தில் வளைவில் நுழைந்தவரை அதனால் முழுமையாகக் காப்பாற்ற முடியாது. மலை ஏறும் முன் டயரின் காற்றழுத்தம், பட்டன் தேய்மானம், பிரேக் கட்டை, சங்கிலித் தளர்வு ஆகிய நான்கையும் பார்ப்பது அவசியம்.

நம்பிக்கையை வளர்க்கும் பயிற்சி

அமெரிக்கப் பயிற்சியாளர் கீத் கோட் 1980இல் கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியைத் தொடங்கியவர். வளைவில் ஓட்டுநரைக் கெடுப்பவை பெரும்பாலும் அச்சத்தால் தாமாக எழும் உடல் செயல்கள் என்று அவர் விளக்கினார்: ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடுதல், கைப்பிடியை இறுக்கிப் பிடித்தல், பார்வை ஓரிடத்தில் உறைந்துவிடுதல். இவற்றைத் திட்டுவதாலோ கேலி செய்வதாலோ போக்க முடியாது. ஒவ்வொன்றுக்கும் மாற்றான செயலை, ஆபத்தில்லாத இடத்தில், கை பழகும்வரை செய்வதே வழி.

அதற்கான முதல் பாடம் நம் ஊரிலேயே உள்ளது. ஓட்டுநர் உரிமத்துக்காக எல்லோரும் பழகும் எட்டுப் போடுதல் கொண்டை ஊசி வளைவுக்குத் தேவையான அதே திறன். காலை ஊன்றாமல், தலையைத் திருப்பி, பாதிக் கிளட்சில் எட்டுப் போடத் தெரிந்தவர் ஏற்றத்தின் இடது வளைவைப் பயமின்றிக் கடப்பார். உரிமம் வாங்கிய நாளோடு அதை மறந்துவிடுவதுதான் குறை.

பயிற்சியைப் பின்வரும் வரிசையில் அமைத்துக்கொள்ளலாம்.

முதலில், வாகனம் வராத திடலில் எட்டுப் போடுதலும், இரு பிரேக்குகளாலும் நேராக நிறுத்துதலும்.
அடுத்து, நீண்டு கிடக்கும் வெறிச்சாலையில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் கைப்பிடியை மெல்லத் தள்ளி எதிர்த்திருப்பலை உணர்தல்.
பின்னர், போக்குவரத்துக் குறைந்த பகல் நேரத்தில், காய்ந்த மலைச்சாலையில் தனியாக ஏறுதல்.
ஏற்றம் பழகிய பிறகே இறக்கம்; அதன் பிறகே பின்னால் ஒருவரை ஏற்றுதல்; மழையும் இரவும் கடைசியில்.

ஒவ்வொரு வளைவையும் கடந்த பின் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். நடுவளைவில் பிரேக் தொட நேர்ந்ததா? நடுக்கோட்டைத் தாண்ட நேர்ந்ததா? வளைவுக்கு அப்பால் ஒரு மாடு நின்றிருந்தால் நிறுத்தியிருக்க முடியுமா? முதல் இரண்டுக்கும் இல்லை என்றும், மூன்றாவதற்கு ஆம் என்றும் விடை வந்தால் வேகம் சரி. ஒன்று மாறினாலும் அடுத்த வளைவில் ஐந்து கிலோமீட்டர் குறைக்க வேண்டும்.

நண்பர்களோடு கூட்டமாகச் செல்லும்போது இக்கேள்விகள் மறந்துபோகும். முன்னால் செல்பவரின் வேகமே தன் வேகம் என்றாகிவிடும். கூட்டத்தில் அனுபவம் குறைந்தவரை முன்னால் விட்டு, அவர் வேகத்துக்கே மற்றவர்கள் செல்வதும், அடுத்துச் சந்திக்கும் இடத்தை முன்பே பேசிவைப்பதும் இதற்குத் தீர்வு. வேகமாகச் சாய்த்து ஓட்டும் விருப்பம் உள்ளவர்களுக்குச் சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தடங்கள் உள்ளன. அங்கே எதிரே வண்டி வராது. மருத்துவ உதவியும் அருகிலேயே நிற்கும்.

மலைச்சாலையில் நல்ல ஓட்டுநர் என்பவர் அதிகம் சாய்ப்பவர் அல்லர். ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே வேகத்தைத் தீர்மானித்து, டயரின் பிடிப்பில் ஒரு பங்கை எப்போதும் மிச்சம் வைத்திருப்பவரே அவர். அந்த மிச்சம் இருக்கும்போது அச்சம் தானே குறைகிறது. எதிர்பாராத கல்லும் மாடும் ஜீப்பும் வரும்போது செலவழிக்கக் கையில் ஏதோ ஒன்று இருக்கிறது.